கரண்டு வைத்த கழுத்து

கழுத்தில் கரண்டு வைத்து முடித்துத் தஞ்சாவூரிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று மருதையன் ரப்பர் செருப்பைக் கழற்றவில்லை. அப்படியே உள்ளே போனார். செருப்புக்காலோடு யாராவது வாசல்படி தாண்டினால் மண்வெட்டிப் பிடியைத் தேடுகிற மனுஷன். மனைவி காத்தாயி பார்த்தாள். அலுப்பாயிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மருதையன் யார் என்று திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிறந்தது பண்ணையாள் வீட்டில். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. இன்றைக்குச் சொந்தப் பெயரில் நிலம், சொந்தப் போர்செட்டு. அவர் தெருவில் முதல் போர்செட்டே அவர் போட்டதுதான். தண்ணீர் பீறிட்ட அன்று குழாயடியில் நின்று, "எங்கப்பன் கைகட்டி நின்னு வாங்கின தண்ணிடா! இப்ப நான் குடுக்குறேன், வாங்கிக்கங்கடா!" என்று அவர் போட்ட சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்டது. மோட்டார் உறுமுவதை வைத்தே எந்த லைனில் கோளாறு என்று சொல்லிவிடுவார். மற்றவர்கள் பேனா குத்துகிற பையில் அவர், கரண்டு இருந்தால் விளக்கு எரிகிற டெஸ்டரைக் குத்தியிருப்பார். அப்பேர்ப்பட்டவருக்குத் தொண்டையில் வந்தது நோய். புகையிலை கொடுத்த பரிசு. அவர் சம்பாதித்த சொத்தில் பெரியது அந்தக் குரல்தான். நோய் அதிலேயே கை வைத்துவிட்டது.

ஆஸ்பத்திரிச் சீட்டில் கதிர்வீச்சு என்று எழுதியிருந்தது. அப்படி யாரும் சொல்லவில்லை. வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லாரும் "ஒங்களுக்கு இன்னும் எத்தன கரண்டு பாக்கி?" என்றுதான் விசாரித்துக்கொண்டார்கள். கழுத்தில் மையால் கோடு போட்ட நர்ஸ் ஹலீமா, "ஐயா, கரண்டு வச்சு முடியிற வரைக்கும் இதுல தண்ணி படக்கூடாது" என்றாள். கோடு அழியாமல் இருக்கச் சொன்னது அது. மருதையன் மனதில் நின்றது கரண்டும் தண்ணீரும் மட்டும்.

அப்புறம் அவரை மேசையில் கிடத்திவிட்டு எல்லாரும் வெளியே போனார்கள். கனத்த கதவு மூடியது. தலைக்கு மேல் ஏதோ உறுமியது. மோட்டாரோடு காலம் தள்ளியவருக்கு அந்தச் சத்தம் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் பிடிபட்டது: எல்லாரும் ஓடி ஒளிகிற அளவுக்குக் கரண்டு தன் உடம்பில் இறங்குகிறது. இறங்கியது வெளியே போனதை அவர் பார்க்கவில்லை. கேட்டிருக்கலாம். மருதையன் ஒருத்தரிடம் சந்தேகம் கேட்பதா?

கரண்டு என்ன செய்யும் என்பது அவர் கண்ணால் பார்த்தது. கஜா புயலுக்கு அடுத்த மழைக்காலம். பூவரசங்கிளை முறிந்து கம்பியை அறுத்து வயலில் போட்டிருந்தது. காத்தாயியின் தம்பி வீரையன் வரப்பிலிருந்து ஒரு காலைத் தூக்கினான். "மாப்ள, எறங்காத!" என்று மருதையன் கத்தினார். ஊருக்கே கேட்கிற குரல். காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டது. வீரையன் காலை வைத்தான். கம்பி கிடந்தது வயலின் தெற்குக் கோடியில். அது அவனைத் தொடவே இல்லை. தண்ணீர்தான் தொட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் காத்தாயியிடம் தெளிவாகத்தான் சொன்னார். இனிமேல் குளிக்கலாம், கழுத்தைத் தேய்க்காமல் தண்ணீர் விட வேண்டும். சோப்பு, சவரம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். உறைப்பில்லாமல் குழைந்த கஞ்சி. அடிக்கடி ஒவ்வொரு வாய் தண்ணீர். உப்பும் சோடா மாவும் கரைத்து வாய் கொப்புளிக்க வேண்டும், இல்லையென்றால் புண் ஆறாது. அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கலந்து கொண்டுவந்து நீட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் கொல்லையில் ஊற்றினார். சாதாரணத் தண்ணீரைவிட உப்புத் தண்ணீரில் கரண்டு பிய்த்துக்கொண்டு போகும் என்பது மோட்டார்க்காரனுக்குத் தெரியாதா?

எவர்சில்வர் டம்ளரைத் தள்ளிவிட்டு பிளாஸ்டிக் டம்ளர் கேட்டார். மர பெஞ்சில் தனியாகப் படுத்தார். காத்தாயி ஈரக்கையோடு கிட்டே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டார். வாயெல்லாம் வெந்து கஞ்சியும் இறங்கவில்லை. சட்டை தோளில் தொங்கியது.

"நோவு எனக்கு ஒட்டிக்கும்னு பயப்படுறீங்களா? ஒட்டட்டும் போங்க," என்றாள். அவர் காலை மடக்கிக்கொண்டார். "இல்ல, நான் வந்தா புடிக்கலயா?" அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கண்ணை மூடினால் வீரையன் வந்து நின்றான், ஒரு காலைத் தூக்கியபடி, வைக்கவா என்று கேட்கிறவனைப் போல. இதை எப்படி அவன் அக்காவிடம் சொல்வது?

சம்பா நடவு வந்தது. போர்செட்டு ஓடி வயலெல்லாம் தண்ணீர். மருதையன் செருப்போடு வரப்பில் நின்றார். காத்தாயியும் பெண்களும் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பெரியப்பா, வாயே தெறக்கல?" என்றாள் நடவுப் பெண்களில் ஒருத்தி, செம்மொழி. "நீங்க வையாம நட்டா நாத்து கோணக்கோணயாப் போவுது!"

சிரிப்புக் கிளம்பியது. காத்தாயி நிமிர்ந்து பார்த்தபோது வரப்பில் அவரைக் காணவில்லை. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், டெஸ்டரின் முனையைத் தன் கழுத்தில், கருத்துப்போன அந்தத் தோலில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்னத்தப் பாக்குறீங்க?"

பிடிபட்டுவிட்டார். காற்றுப் போன குரலில், "எரியுதான்னு" என்றார்.

"எரியுதா?"

"இல்ல. அது மேல இருந்தாத்தான் எரியும். உள்ள எறங்குனதுக்கு எரியாது."

காத்தாயிக்குச் செருப்பு, பிளாஸ்டிக் டம்ளர், மர பெஞ்சு எல்லாம் ஒன்றாக மனதில் வந்து விழுந்தன. ஆனாலும் அவள் வாய் சும்மாயிருக்கவில்லை. "நீங்க என்ன ஊருக்குக் கரண்டு குடுக்குற டிரான்ஸ்பார்மரா? ஆஸ்பத்திரில ஒவ்வொரு தடவையும் கரண்டு வச்சு வந்து நீங்க தூங்குனப்ப, ஒங்க காலப் புடிச்சிக்கிட்டுத்தான நான் ஒக்காந்திருந்தேன். எனக்கு என்ன ஆச்சு?"

அவர் யோசித்தார். "அப்ப கை காஞ்சிருந்துச்சு. தரையும் காஞ்ச தரை."

"அப்ப ஈரத்துலயே பாத்துருவோம்."

விறுவிறுவென்று போய் வயலில் இறங்கி நின்றாள். மருதையன் பதறி, கையை வீசி, எல்லாரையும் கரையேறச் சொன்னார். ஏதோ நடவில் குற்றம் என்று நினைத்துப் பெண்கள் ஏறினார்கள். காத்தாயி ஏறவில்லை.

"ஏறு, காத்தாயி. வீரையன்..."

"அவன் என் கூடப்பொறந்தவன். தண்ணி என்ன செய்யும்னு எனக்கும் தெரியும். எறங்குங்க."

செருப்பைக் கழற்றினார். ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் தெரிந்தது, அதே வரப்பு, அதே மாதிரி. கால் அந்தரத்தில் நின்றது. யாராவது எறங்காத என்று கத்த மாட்டார்களா என்று காது கேட்டுக்கொண்டேயிருந்தது. யாரும் கத்தவில்லை.

வைத்தார்.

சேறு விரலிடுக்கில் ஏறியது. தண்ணீர் சில்லென்றிருந்தது. காத்தாயி நின்றுகொண்டேயிருந்தாள். அவர் கையைப் பிடித்தாள். அவருக்கென்று கலந்து வரப்பில் வைத்திருந்த போத்தலை எடுத்து, "கொப்புளிங்க" என்றாள். உப்புத் தண்ணீர். வாயெல்லாம் எரிந்தது. கண் கலங்கக் கொப்புளித்தார்.

பிறகு தெற்குக் கோடியைப் பார்த்தார். காற்றில்லை. தண்ணீர் அங்கே மட்டும் அசைந்தது.

"அந்தக் கோடிக்கு மட்டும் போவாத."

"அந்தக் கோடிய அவன் போனதுலேருந்து நான்தான் நடுறேன்," என்றாள் காத்தாயி. "வேற யாரையும் விட்டதில்ல. நீங்க பாத்ததில்லயா?"

அவர் பார்த்ததில்லை. வருஷாவருஷம் அந்த நேரத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டுவிடுவார்.

"பெரியப்பா, நாங்க எறங்கலாமா, வீட்டுக்குப் போவட்டுமா?" என்று செம்மொழி கரையிலிருந்து கூவினாள்.

மருதையன் வாயைத் திறந்தார். "எறங்குங்க" என்றார். அது வரப்பு வரைக்கும்கூடப் போகவில்லை. காத்தாயிதான் அதை வாங்கி உரக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு கட்டிவைத்த ஒரு முடி நாற்றை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தாள். அவள் கையை விடாமல் அவரும் நடந்தார். அங்கே, அவர் கண்ணுக்கு மட்டும், வீரையன் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றிருந்தான்.