அமீன் பேரில் எழுதிய கோல்

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் செய்தி வந்தது. பழைய கால்பந்து ஆட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அமீனின் படம். ‘தொண்டி அமீன் காலமானார். மாரடைப்பு. மாலை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம்.’ அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: ‘பாவம், நல்ல பேக். அந்த ஒரு கோல் மட்டும் இல்லேன்னா எங்கயோ போயிருப்பான்.’ அதற்கு நாலு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். நான் டப்பாவை மூடிவிட்டுத் தொண்டிக்குப் பஸ் ஏறினேன்.

அஞ்சலி எழுத உட்கார்ந்தவன் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். முறைப்படி ‘அவர்’ என்று எழுத வேண்டும், அதுவும் வரவில்லை. மாவட்ட அணிக்கு ஆள் எடுத்த நாளிலிருந்து அமீன் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் ஸ்டாப்பர் பேக், நான் அவனுக்குப் பின்னால் கோல்கீப்பர். அவன் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அவன் தொண்டிக் கடற்கரையில் ஆடியவன், நான் அக்காள்மடத்துக் கடற்கரையில். மணலில் ஆடியவர்களுக்குச் சில பழக்கங்கள் ஊறிப்போயிருக்கும். மணலில் சறுக்கிப் பந்தைப் பறிக்க முடியாது, அதனால் அமீன் கடைசிவரை புல்லிலும் சறுக்கியதில்லை. எதிராளிக்கு முன்னால் நின்றுகொண்டே இருப்பான். ஒரு கோச் ஏன் என்று கேட்டதற்கு, “விழுந்துட்டா அப்பறம் நானும் டிக்கெட் வாங்கின ஆளுதான் சார், வேடிக்கதான் பாக்கணும்” என்றான். இன்னொரு பழக்கம், பின்னாலிருந்து கீப்பர் கத்தினால் திரும்பிப் பார்க்காமல் கீழ்ப்படிவது. கச்சான் காற்று வீசும்போது யார் கத்துவதும் முழுசாகக் கேட்காது. கேட்ட பாதியை நம்பித்தான் அங்கே ஆட முடியும்.

ஒன்பது கிளப்புகளுக்கு ஆடினான். சென்னை, கொச்சி, கோவா, கொல்கத்தா, நடுவில் மலப்புறத்தில் ஏழு பேர் ஆடும் செவன்ஸ். பெரும்பாலும் யாருக்காவது முட்டி போயிருக்கும், அந்த இடத்துக்கு இவனைக் கூப்பிடுவார்கள். ஒரு பையோடு ரயில் ஏறிவிடுவான். கொல்கத்தாவில் ஆறரை அடி வெளிநாட்டு ஃபார்வர்டு ஒருவனைத் தொண்ணூறு நிமிடமும் பந்துப் பக்கமே அண்டவிடவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவனே வந்து சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். அது அமீனுக்கு முழங்கால்வரை தொங்கியது. “நல்லதாப் போச்சு, ஜிப்பா தைக்கிற செலவு மிச்சம்” என்று அதைப் போட்டுக்கொண்டே ஓட்டலுக்கு வந்தான். மறுநாள் பத்திரிகையில் கோல் போட்டவனின் படம் வந்தது. கோல் விழாமல் நின்றவனின் படத்தை எந்தப் பத்திரிகை போட்டிருக்கிறது?

இந்திய அணிச் சட்டை போடாதவன் எல்லாம் பாவமா? பதினேழு வருடம் ஊர் ஊராகப் போய், போன இடத்தில் எல்லாம் மறுபடி கூப்பிடும்படி ஆடியவனைப் பார்த்துப் பாவம் என்று சொல்ல, மைதானத்தில் வியர்க்காதவர்களால்தான் முடியும்.

இப்போது அந்தக் கோலுக்கு வருகிறேன். நானும் அவனும் ஒரே கிளப்பில் ஆடிய இரண்டாவது வருடம், லீக்கின் கடைசி ஆட்டம். டிரா செய்தால் போதும், தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். காலையிலிருந்து மழை, புல்லில் தண்ணீர். எண்பதாவது நிமிடம் தாண்டி, நடுக்கோட்டிலிருந்து ஓர் உயரப் பந்து வந்தது. அமீன் அதன் கீழே நின்றான். தலையால் முட்டி வெளியே அனுப்பியிருப்பான், அவனுக்கு அது தூசி. நான் முன்னே ஓடி வந்தபடி, “விட்ருலே!” என்று கத்தினேன்.

அவன் விட்டுவிட்டான், திரும்பியே பார்க்கவில்லை.

மணலில் விழுந்த பந்து விழுந்த இடத்திலேயே செத்துப்போகும். பத்து வருடம் புல்லில் ஆடிய பிறகும், பதற்றத்தில் என் கால்கள் அக்காள்மடத்து மணலைத்தான் நினைத்துக்கொண்டன. பந்து விழுந்ததும் குனிந்து அள்ளிக்கொள்ளலாம் என்று வந்தேன். அது ஈரப்புல்லில் பட்டு வழுக்கி, என் கையைத் தாண்டி உள்ளே போய்விட்டது. அந்த ஒரு கோலில் தோற்றோம்.

உடை மாற்றும் அறையில் கோச், “யாருடைய பந்து அது?” என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் அமீன் கையைத் தூக்கினான். “என் பந்துதான் சார். கணக்குத் தப்பிருச்சு.” அந்தச் சீசனோடு அவனை அனுப்பிவிட்டார்கள். நான் அங்கேயே மூன்று வருடம் ஆடினேன். விளையாட்டுக்காரர் ஒதுக்கீட்டில் இன்றைக்கு நான் பார்க்கும் வேலை அந்த மூன்று வருடத்தில் கிடைத்தது.

ரயில்நிலையத்தில் வைத்து அவனிடம் சண்டை போட்டேன். “ஏலே, கிறுக்கா” என்றான். “கீப்பர் பேரு கெட்டுச்சுன்னா அவன எவனும் எடுக்க மாட்டான். ஒரு டீமுக்கு ஒரு கீப்பர்தான். பேக்குக்கு அப்பிடி இல்ல, எந்த ஊருலயும் ஒருத்தன் கொறைவான். நான் போறேன், நீ இங்கன கெட.” கோச்சிடம் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். சொன்னால் இனி முகத்தில் விழிக்காதே என்றான். அதைச் சாக்காக வைத்து இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவனுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாக்கு அல்ல, பயம். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

நான் தொண்டி போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள். அவன் கடைசியாக ஓட்டிய மீன் லோடு வண்டி வீட்டு வாசலில் நின்றது. அவன் மனைவி சபுரா, கணவனை இழந்தவள் வெளி ஆண்கள் முன்னால் வராமல் இருக்கும் இத்தாவில் உட்கார்ந்திருந்ததால் திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“அண்ணே, ஒன்னு கேக்கவா? பிள்ளைக அவுக போன்ல எதையோ பாத்துட்டு அழுதுக்கிட்டிருக்குதுக. அத்தாவாலதான் அந்த டீமு தோத்துச்சாமேன்னு கேக்குதுக. நான் என்னன்னு சொல்ல?”

நான் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

“என்கிட்டகூடச் சொல்லலண்ணே அவுக” என்றாள். அழவில்லை. “இப்ப என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தீகளா? அவுகளப் பாவம்னு சொன்னாகள்ல, அந்த அத்தன பேருகிட்டயும் சொல்லுங்க. ஒங்க பேரப் போட்டுச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டேன். அக்காள்மடம் முனியசாமி ஆகிய நான் எழுதியிருக்கிறேன். கும்பிட்ட கை போட்டவர்களும் கட்டைவிரல் போட்டவர்களும் படிக்கட்டும். எனக்கு வேலை கொடுத்தவர்கள் படித்தாலும் சரி.

அமீனின் சட்டைகளும் பூட்ஸும் அவன் பிள்ளைகளுக்கு. ஒன்பது ஊரில் அவன் காத்து நின்ற கோல்கம்பங்கள் அந்தந்த ஊருக்கு. எனக்கென்று அவனிடமிருந்து ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கோல். இனி அது என்னுடையது. யாரும் அதை அவன் பேரில் சொல்லக் கூடாது.