அறுபத்து நான்கு பாதைகளும் ஒரு பள்ளமும்

வீட்டு வாசலின் கடைசிப் படியில் மீட்டரம்மா எப்போதும் சற்று நிற்பார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரே ஒரு முறை 'டக்' என்பார். எதிர்ச் சுவர் அந்த ஓசையைத் திருப்பிக் கொடுக்கும். எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறது என்பதை வைத்தே, தெருவில் வண்டி ஏதும் நிற்கிறதா என்று சொல்லிவிடுவார். பிறகு வலது கையில் கைத்தடி. இடது கைக் கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவில் போய் உட்காரும். பத்து அடிக்கு ஒரு கணு. நான்கு விரல்களுக்கும் பன்னிரண்டு கணு, நூற்றிருபது அடி. அது முடிந்தால் மறுபடி சுண்டுவிரல். நடுவில் யாராவது வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். பதில் சொன்னால் கணக்கு விட்டுப்போகும்.

இப்படி அளந்து நடப்பதால் மீட்டரம்மா என்ற பெயர், அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் வைத்தது. டாக்டர்கள் பதிவுசெய்து அனுப்பும் குறிப்புகளைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, அறிக்கையாகத் தட்டச்சு செய்வது அவர் வேலை. பிறவியிலேயே பார்வை கிடையாது. அவருடைய கணினியில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. அவர் வைத்திருக்கும் வேகத்தில் அது பேசினால் மற்றவர்களுக்குக் கொசு ரீங்காரம் போலத்தான் கேட்கும்.

இதற்கு நடுவே எட்டு வருடமாக ஒரு வலைப்பூ எழுதிவந்தார். கதையும் இல்லை, கவிதையும் இல்லை. ஒவ்வொரு பதிவும் ஒரு பாதை. பஸ் நிறுத்தத்திலிருந்து மருந்துக் கடை வரை என்றால், நாற்பதாவது அடியில் ரொட்டி வாசனை, தொண்ணூற்றைந்தில் வலது பக்கம் இரும்புக் கேட், நூற்று முப்பதில் இடது திருப்பம், இருநூற்றுப் பன்னிரண்டில் மருந்துக் கடையின் முதல் படி. இப்படி அறுபத்து நான்கு பாதைகள். ஒவ்வொன்றையும் மூன்று முறை நடந்து பார்த்த பிறகுதான் எழுதுவார். பார்வையில்லாத முப்பது நாற்பது பேர் அதைக் காதால் கேட்டு, மனப்பாடம் பண்ணி, தைரியமாக வெளியே கிளம்பினார்கள்.

இந்த நேரத்தில்தான் வலைப்பூவை இலவசமாக வைத்திருந்த பெரிய நிறுவனம் தன் எழுதும் பக்கத்தைப் புதுப்பித்தது. பார்க்க அழகாக இருந்ததாம். மீட்டரம்மாவின் காதுக்கு அது "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. எந்தப் பட்டன் எதற்கு என்று எதற்கும் பெயர் இல்லை. பழைய பதிவைத் திறக்கவும் முடியவில்லை, திருத்தவும் முடியவில்லை. புகார் எழுதினார். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

அதே வாரம், மருந்துக் கடைப் பாதையில் தொண்ணூற்றைந்தாவது அடியில் அவருடைய தடி காற்றில் இறங்கியது. குழாய் போடத் தோண்டியிருக்கிறார்கள், தடுப்பு வைக்கவில்லை. அவர் தப்பித்தார். ஆனால் அவருடைய பக்கமோ இன்னமும் 'நேராக நடக்கவும்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே ரொட்டி வேன் ஓட்டும் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஒரே ஒரு வரி போடுங்க. பள்ளம் இருக்குன்னு."

வீட்டுக்காரர் இரண்டு விரலால் தட்டினார். "போட்டாச்சு."

"என்னன்னு போட்டீங்க? படிங்க."

"தொண்ணூத்தஞ்சுல பள்ளம். பாத்துப் போங்க."

"பாத்தா? யாருங்க பாக்குறது?"

வீட்டுக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி, மாத்துறேன். இதுக்கு ஏன் முறைக்கிற? இனிமே நீ சொல்லு, நான் போட்டுடறேன். எனக்கு என்ன கஷ்டம்?"

"உங்களுக்குக் கஷ்டமில்ல. நீங்க வண்டியோட வெளியூர் போயிட்டா பள்ளம் காத்துக்கிட்டு இருக்குமா? ஒரு வரி எழுத எனக்கு ஒரு ஆள் வேணும்னா, அது என் பக்கமே இல்லைங்க."

வேறு இடம் தேட ஆரம்பித்தார். தனி ஆட்கள் சேர்ந்து நடத்தும் சின்னச் சின்ன இடங்கள் இணையத்தில் இருப்பதைக் கேள்விப்பட்டிருந்தார். அப்படி ஒன்று அகப்பட்டது. விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது, மொத்தம் முப்பத்தொரு பேருடைய பக்கங்கள். சேரலாம் என்று போனால், வாசலில், வருவது மனிதனா இயந்திரமா என்று சோதிக்கும் ஒரு படப் புதிர். 'பஸ் இருக்கும் கட்டங்களைத் தொடவும்.'

"பஸ்ஸெல்லாம் எனக்குச் சத்தத்துலயே தெரியும்," என்றார் வீட்டுக்காரரிடம். "இந்தப் பஸ் சத்தமே போடலையே!"

"தள்ளு, நான் தொடறேன்."

"தொட்டீங்கன்னா கை வேற, ஆள் வேறன்னு ஆயிடும்."

பக்கத்தின் அடியில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. இடம் கேட்டு அவர் எழுதவில்லை. அந்தத் தளத்தில் தன் காதுக்குப் பட்ட குறைகளை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தினார். பதினேழு வந்தது. கீழே தன் தொலைபேசி எண்ணைப் போட்டு அனுப்பினார்.

மறுநாள் மதியம் அழைப்பு வந்தது. "அந்த இடத்தை நடத்துறவன் பேசுறேன்மா. வேலை லிஃப்ட் மெக்கானிக். இப்பக்கூட ஒரு லிஃப்ட் மேலதான் உக்காந்திருக்கேன்."

"முதல்ல கீழ இறங்குங்க. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

இறங்கினார். "பதினேழும் சரிம்மா. பதினொண்ணு மட்டும் விளங்கல."

"உங்க பக்கத்துல அஞ்சு இடத்துல 'இங்கே தொடவும்'னு இருக்கு. எதுக்குன்னு இல்ல. உங்க லிஃப்ட்ல எல்லா மாடிக்கும் 'இங்கே'னு பட்டன் வெச்சா எப்படி இருக்கும்?"

"பொழப்பு போயிடும்," என்றார் லிஃப்ட்காரர். "ஆனா அந்தப் புதிரை மட்டும் எப்படி எடுக்கறது? எடுத்தா விளம்பரக் குப்பையெல்லாம் வந்து கொட்டுமே."

"மாசத்துக்கு எத்தனை பேர் வர்றாங்க உங்க இடத்துக்கு?"

"ஒருத்தர் வந்தா பெரிசு."

"அந்த ஒருத்தர்கிட்ட, என்ன எழுதப்போறீங்கன்னு கேளுங்க. மெஷின்னா உளறும், மனுஷன்னா சொல்லுவான். வாசிச்சுட்டுக் கதவைத் திறங்க. அதுக்குக்கூட நேரமில்லையா?"

மூன்றாம் நாள் புதிர் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு கேள்வி இருந்தது. மீட்டரம்மா பதில் எழுதினார்: 'எங்கே எத்தனை அடி என்று எழுதுவேன்.' கதவு திறந்தது.

லிஃப்ட்காரர் ஒரு சின்னக் கருவியையும் அனுப்பினார். அதில் எழுதும் பக்கமும் இல்லை, பெயரில்லாத பட்டனும் இல்லை. வெறும் எழுத்துக் கோப்பாக எழுதி கணினியில் ஒரு கோப்புறையில் போட்டு, ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் வலைப்பக்கமாகிவிடும். மீட்டரம்மா முதலில் மருந்துக் கடைப் பாதையைப் போட்டு, ஊருக்குத் திறக்கும் முன் காது கொடுத்தார். நாற்பதில் ரொட்டி வாசனை. நாற்பத்தொன்றில் இரும்புக் கேட். நாற்பத்திரண்டில் திருப்பம். நாற்பத்து மூன்றில் மருந்துக் கடை!

விஷயம் இதுதான். வரியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் இருந்தால், அந்தக் கருவி அதைப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும். முதல் எண்ணை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் அதுவாகவே வரிசையாக்கிவிடும். வேறு யாருடைய வலைப்பூவாக இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இவருடையதை நம்பி நடப்பவர் சுவரில் முட்டியிருப்பார்.

லிஃப்ட்காரரை அழைத்தார். "உங்க கருவி என் மருந்துக் கடையை நூத்தி அறுபத்தொம்பது அடி இந்தப் பக்கம் இழுத்துட்டு வந்துடுச்சு. திருப்பி வெக்கணும்."

அவர் பதறிப்போனார். "அய்யய்யோ, நான் இன்னைக்கே மாத்திடறேன்மா."

"வேணாம். மத்தவங்க பட்டியல் கெட்டுடும். நானே எண்ணுக்கு முன்னால 'அடி'ன்னு ஒரு வார்த்தை போட்டுக்கறேன்."

அறுபத்து நான்கு பாதைகளிலும், ஒவ்வொரு வரியிலும், சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து போட்டார். ஒரு மாதம் பிடித்தது. பழைய வலைப்பூவின் வாசகர்கள் ஒவ்வொருவருக்கும் புது முகவரியைத் தனித்தனியாக எழுதி அனுப்பினார்.

பள்ளத்தை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, வேலை முடிந்ததும் நேராக அங்கே போனார். தொண்ணூற்றைந்தில் தடியைத் தட்டினார். கெட்டி. இன்னொரு முறை தட்டினார். பின்னும் இரண்டு முறை அந்த வழியே நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து, புதுப் பக்கத்தில் இருந்த பள்ள எச்சரிக்கையை அழித்து, 'புதிய மண், காலுக்கு மெத்தென்று இருக்கும், பயம் வேண்டாம்' என்று எழுதிக் கட்டளை கொடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியூரிலிருந்து வீட்டுக்காரர் அழைத்தார். "என்ன, பள்ளத்தை மூடிட்டாங்களாமே! வந்து போட்டுத் தரவா?"

"போட்டாச்சுங்க," என்றார் மீட்டரம்மா. "நீங்க மெதுவா வாங்க." அந்தக் குரலில் இருந்த மிதப்பைக் கேட்டு, வீட்டுக்காரர் வேனில் தனியாகவே சிரித்தாராம்.

மீட்டரம்மாவிடம் லிஃப்ட்காரர் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. புதிரை எடுத்த அன்று, யார் எப்போது வந்தார்கள் என்று கணினி தானாகக் குறித்துவைத்திருந்த பதிவை அவர் புரட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு வருடத்துக்கு முன்பு யாரோ ஒருவர் மூன்று வாரம் தினமும் வந்து, அந்தப் படப் புதிரில் முப்பத்தெட்டு முறை தோற்றிருக்கிறார். அதற்குப் பிறகு வரவே இல்லை. என்ன எழுத வந்தார் என்று கேட்க, அப்போது அங்கே அந்தக் கேள்வி இல்லை.