துரைக்கு வராத பட்டம்

வெள்ளைக்காரத் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்து வதைபட்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா? ரப்பர் கணக்கைக்கூட எழுதிவிடலாம், துரையின் குலப்பெருமையைக் கேட்டுத் தலையாட்டுவதுதான் நம் உயிரை எடுக்கிற வேலை.

படத்தில் இருந்த மாமன்

பூதப்பாண்டிக்கு மேலே மலையில் எங்கள் தோட்டம். பங்களாவில் தாடிக்காரர் ஒருவரின் படம் தொங்கும். சாயங்காலமானால் துரை அதன் அடியில் உட்கார்ந்து ஆரம்பிப்பார். முன்னோர் ஒருவர் போரில் ராஜாவுக்குத் துணை நின்றாராம், ஏர்ல் என்கிற பிரபுப் பட்டம் கிடைத்ததாம், கோட்டையும் மான் திரியும் காடும் சேர்ந்ததாம். இப்போது எல்லாம் படத்தில் இருப்பவர் கையில். அவர் துரைக்குத் தாய்மாமன்.

எனக்கு அது போதாதா? எங்கள் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீடுகளில் மாமன் சொத்து அக்காள் தங்கை பெற்ற மருமகனுக்குத்தான் போகும், பெற்ற மகன் பார்த்துக்கொண்டு நிற்பான். நானே என் மாமா வாங்கிப்போட்ட வயலை நம்பிக் காலம் தள்ளியவன். அடுத்த ஏர்ல் நம்ம துரைதான் என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டேன். இரணியல்காரரான சமையல்காரர் தாவீது என் கையைப் பிடித்துக்கொண்டார்: "பிள்ளே, சீமைக்குப் போகும்போ என்னையும் சேத்துச் சொல்லணும், கேட்டியளா."

மாலையும் மேளமும்

துரையின் மாமன் இறந்துபோனதாகத் தந்தி வந்தது. துக்கம் துக்கம்தான், பட்டம் பட்டம்தானே? மறுநாள் காலை மாலையோடு நாகசுரக்காரரையும் மலையேற்றினேன். கையில் கறுப்புத் துணி கட்டிய துரை வெளியே வந்ததும் மேளம் தானாகவே நின்றது. மாமனுக்கு மூத்த மகன் இருக்கிறான், பட்டமும் நிலமும் அவனுக்கே என்றார். அப்போ மருமகனுக்கு என்று இழுத்தேன். அழுத கண்ணோடு தமிழிலேயே சொன்னார்: "பிரியம் இருந்தால் ஒரு கைத்தடி எழுதிவைத்திருப்பார், பிள்ளை."

மாமா வீட்டுச் சாப்பாடு

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். எங்கே! லீவில் ஊருக்குப் போய், மாமா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே துரையின் கதையைக் கைத்தடி வரைக்கும் நடித்துக் காட்டினேன். மகனுக்குக் கொடுக்கிறானாம், இதெல்லாம் ஒரு நியாயமா என்று நானே சிரித்தேன். மாமாவின் மகன்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அத்தை எனக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் அவியல் வைத்தாள்.

மகனுக்கும் உரிமை வேண்டும், சட்டம் வேண்டும் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம் அது. பிரபுக்கள் வீட்டிலேயே அப்படித்தானா என்று மாமா திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் விவரம் தெரிந்தவன் என்கிற மிதப்பில் ஏர்ல் பரம்பரையை ஒரு தலைமுறை விடாமல் ஒப்பித்தேன். சட்டம் வந்தது. மாமா வயல் முழுவதையும் மகன்கள் பேருக்கு எழுதிவிட்டார். மாமா என்னைக் கூப்பிட்டு, மூலையில் சாத்தியிருந்ததை எடுத்துக் கையில் கொடுத்தார்: "இது ஒனக்கு, மக்கா. சீமை வழக்கத்தை நாம மாத்தக்கூடாதுல்லா."

ஒரு பிரபு வம்சத்தையே மனப்பாடம் செய்த நான், இன்று அந்தத் தடியை ஊன்றிக்கொண்டு மச்சான்மாரின் வரப்பில்தான் நடந்துபோகிறேன்.