ஏழாம் மாதத்தில் போட்ட ஊசி

பிள்ளைகளே, உங்களில் மூத்தவள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது நடந்ததை எழுதுகிறேன். கொரோனா பரவிய காலம் அது. கர்ப்பிணிகளும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. எங்கள் ஆமத்தூரில் சிலர் "போடுங்க" என்றார்கள், சிலர் "பிள்ளைக்கு ஆகாது" என்றார்கள். போனில் வந்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது. ஊசி போட்டுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? போடாமல் விட்டு உங்கள் அம்மாவுக்கு நோய் வந்துவிட்டால்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். புதுச் சரக்கு தயாரானதும் அதில் நாலைந்தை எடுத்து, ஷெட்டுகளுக்குத் தள்ளி வெட்டவெளியில் கொளுத்திப் பார்ப்போம். ஒழுங்காக வெடித்தால்தான் மீதி பெட்டிக்குள் போகும். அந்தப் பழக்கத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது.

"முதல்ல நான் போட்டுக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நீ போட்டுக்க."

உங்கள் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, போட்டுட்டு வாங்க" என்றாள்.

போட்டேன். மறுநாள் நல்ல காய்ச்சல். கையைத் தூக்க முடியவில்லை. அதற்கடுத்த நாள் வேலைக்கே போய்விட்டேன். ஆனாலும் எனக்கே இப்படியென்றால் மாசமாக இருப்பவள் எப்படித் தாங்குவாள் என்று தோன்றியது. "பேறுகாலம் முடியட்டும், அப்புறம் பாப்போம்" என்று சொல்லிவிட்டேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் கிராம நர்ஸ் வீட்டுக்கு வந்தார். உங்கள் அம்மாவுக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டே, ஏன் இன்னும் ஊசி போடவில்லை என்று கேட்டார். நான் செய்த சோதனையை விளக்கமாகச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏண்ணே, உங்களுக்கு இது எத்தனாவது மாசம்?"

உங்கள் அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு நர்ஸ் நிதானமாகப் பேசினார். "உங்க உடம்ப வச்சு அவுக உடம்பச் சொல்ல முடியாதுண்ணே. மாசமா இருக்கவுக எத்தனையோ பேரு போட்டு நல்லாத்தான் இருக்காக. நோயே வந்துட்டா இவுகளுக்குத்தான் ரொம்பச் சிரமம். டாக்டரம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. அது இருக்கட்டும், இவுககிட்டக் கேட்டீகளா?"

"எவுககிட்ட சிஸ்டர்?"

"உங்க வீட்டம்மாகிட்ட!"

போனில் பார்த்தேன், டீக்கடையில் விசாரித்தேன், என் கையிலேயே குத்திப் பார்த்தேன். அவளிடம் மட்டும் கேட்டிருக்கவில்லை.

"நான் போடணும்னுதான் இருக்கேன். நீங்க பயப்படுறீகளேன்னு பேசாம இருந்தேன்" என்றாள் உங்கள் அம்மா.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மாவும் போடலாம் என்றார். போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"பிள்ளை அசையுதா?"

"அசையுது."

"இப்ப?"

"நீங்க தொணதொணன்னு கேட்டா அது எப்படித் தூங்கும்?"

சாயந்தரம் லேசாகக் காய்ச்சல் அடித்தது. நர்ஸ் சொன்ன மாத்திரையில் மறுநாள் விட்டுவிட்டது. என் பயம் மட்டும், மூத்தவள் பிறந்து அழுகிற சத்தம் கேட்கும்வரை போகவில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தம்பி வயிற்றில் இருந்தபோது ரணஜன்னி வராமலிருக்கப் போடும் டெட்டனஸ் ஊசிக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்கு முதல் ஆளாக உங்கள் அம்மாவிடம்தான் கேட்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "வண்டிய எடுங்க" என்றாள்.