சந்தனத்துக்குச் சத்தம் வராது

ஆயுத பூஜை முடிந்து கடையைத் திறக்கிற நாள்தான் எனக்கு வருஷத்திலேயே அதிக வேலை. கடலூரில் சம்பளத்துக்கு வேலை பார்த்த காலத்திலும் சரி, சிதம்பரத்தில் சொந்தமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்ட பிறகும் சரி, கீபோர்டு, பிரிண்டர் எல்லாம் அன்றைக்குப் பொட்டும் பூவுமாகத்தான் வந்து இறங்கும். இந்தத் தொழிலுக்குப் புதுசாக வருகிறவர்கள் தயவுசெய்து அன்றைக்கு லீவு கேட்காதீர்கள்.

அப்படி ஒரு நாள்தான் புவனகிரியிலிருந்து செந்தில் வந்தான். கல்யாண போட்டோகிராபர், என் பழைய கஸ்டமர். கூடவே மனைவி அமுதா, அழுது வீங்கிய முகத்தோடு. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கை டேபிளில் வைத்தான். கேபிள் சொருகுகிற இடம் முழுக்கச் சந்தனம்.

"இவதான் மேடம். பொட்டு வைடின்னா அப்பி வச்சிருக்கா. இப்ப ஓபன் ஆவல."

"எந்தம்பி கல்யாணம் மேடம் அதுல இருக்கு," என்றாள் அமுதா. "தாலி கட்னதுலேருந்து எல்லாம். எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு எங்கம்மா வூட்டுக்குப் போவேன்?"

"அந்த வீடியோவுக்கு வேற காபி எங்க?"

"கேமரா கார்ட அடுத்த கல்யாணத்துக்கு அழிச்சிட்டேன் மேடம்," என்றான் செந்தில்.

சொந்த மச்சான் கல்யாணத்துக்கே ஒரே காபி! எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, ஸ்பிரிட்டும் பிரஷும் வைத்துச் சந்தனத்தைச் சுத்தமாக எடுத்தேன். புது கேபிள் போட்டேன். டிஸ்குக்குள்ளே டக், டக், டக். உடனே பிடுங்கிவிட்டேன்.

"இன்னொரு தடவ போட்டுப் பாருங்களேன்," என்றான் செந்தில்.

"வீட்ல எத்தினி தடவ போட்ட?"

"அது… கணக்கு இல்ல மேடம்."

அடப்பாவி! டக் டக் என்கிற டிஸ்குக்கு ஒவ்வொரு தடவை கரண்ட் கொடுக்கும்போதும் உள்ளே இன்னும் கொஞ்சம் கெட்டுப்போகும்.

"செந்திலு, சந்தனத்துக்குச் சத்தம் வராது. இது கீழ விழுந்த டிஸ்கு."

அமுதா மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள்.

"சின்ன ஸ்டூல்லேருந்துதான் வுழுந்துச்சி மேடம்," என்றான்.

"பூஜைக்கு முன்னயா, பின்னயா?" இதைக் கேட்டது நான் இல்லை, அமுதா.

"முன்ன. சாமிகிட்ட வச்சா சரியாயிடும்னு நெனச்சேன்."

"ராத்திரியெல்லாம் அழுதனே, கல்லு மாதிரி ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தியே!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டிஸ்கைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

சாகக் கிடக்கிற டிஸ்கில் எல்லாம் வேண்டும் என்று ஆசைப்படக் கூடாது. "எது மொதல்ல வேணும்?" என்றேன். "தாலி," என்றாள் அமுதா. அந்த ஃபோல்டரை முதலில் எடுத்தேன். கொஞ்சம் காபி ஆகும், சத்தம் வரும், பிடுங்கி ஆறவிடுவேன், மறுபடி போடுவேன். சாயங்காலம் தாலி கட்டுகிற வீடியோ ஸ்கிரீனில் ஓடியது. அமுதா கையெடுத்துக் கும்பிட்டாள். பந்தி வீடியோவில் பாயசம் வருவதற்குள் டிஸ்க் உயிரை விட்டது. போகட்டும்.

நான் கற்றுக்கொண்டது இதுதான்: கஸ்டமர் சொல்கிற கதையை நம்பாதே, டிஸ்க் சொல்வதைக் கேள். அவர்களுக்குச் சொன்னது: ரெண்டு காபி, ரெண்டு வீடு. ஒன்றை அமுதா அம்மா வீட்டிலேயே வைத்துவிட்டாள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவளே போன் செய்தாள்.

"டிஸ்குக்குப் பொட்டு வைக்கல மேடம்."

"நல்லது."

"ஸ்டூலுக்கு வச்சிட்டேன். அவரையும் கும்புட வச்சேன்."