எட்டு ஓம்

வேதக்காரன் வீட்டுக்கு, அதாவது கிறிஸ்தவன் வீட்டுக்கு, ஓம் ஆகாது என்று வடசேரிக் கடைக்காரரிடம் வாதாடிய ஒரே முட்டாள் நானாகத்தான் இருப்பேன். அப்போது எனக்குப் பத்து வயது. அந்தக் கடைப் பக்கம் போனால் இன்றும் கொஞ்சம் வேகமாகத்தான் நடக்கிறேன்.

அப்பா பக்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தார். லீவுக்கு ஊர் வந்த ஒருவரிடம் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொடுத்துவிட்டிருந்தார். ஸ்பீக்கர் இரண்டும் பெரியவை, தான் வரும்போது கொண்டுவருவதாகப் போனில் சொன்னார். அதன்பிறகு இரண்டு கிறிஸ்மஸ் போயிற்று. அம்மா ஆம்ப்ளிஃபயருக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்து, மாதா படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். செபம் சொல்லும்போது என் கண் மாதாவைவிடக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். மாதா மன்னித்திருப்பாள்.

மூன்றாவது கிறிஸ்மஸுக்கும் அப்பாவுக்கு லீவு இல்லை என்று தெரிந்ததும், அம்மாவின் தம்பியைப் பிடித்தேன். நான் அழுதால் மாமா எதையும் வாங்கித் தருவார். அழுவதில் நான் கெட்டிக்காரன். அம்மாவிடம் சொல்லாமல், ஸ்பீக்கர் வாங்க இருவரும் வடசேரிக்குப் பஸ் ஏறினோம்.

“ஆம்ப்ளிஃபயருக்க பொறத்த எத்தன ஓம்னு எழுதியிருக்கு?” என்றார் கடைக்காரர்.

மாமா என்னைப் பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஓம் எல்லாம் கெடையாது அண்ணே. நாங்க வேதக்காரங்க. ஓம் இல்லாத ஸ்பீக்கரா தாங்க.”

கடையே சிரித்தது. கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஏலே மக்கா, இது கோயில் ஓம் இல்ல, கரண்டுக்க ஓம். எட்டுக்கு எட்டு சேரணும். கொறஞ்சத மாட்டினா ஆம்ப்ளிஃபயர் சூடாயி புகைஞ்சிரும்.”

அப்போதுதான் நினைவு வந்தது. ஆம்ப்ளிஃபயரின் பின்னால் ஓர் எட்டும், பக்கத்தில் மாட்டு லாடம் போல ஒன்றும் இருந்தன. வரைந்து காட்டினேன். எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டும் எங்களோடு பஸ்ஸில் வந்தன.

டிவிடியில் கிறிஸ்மஸ் பாட்டைப் போட்டதும் ஜன்னல் அதிர்ந்தது. மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றாள்.  அது வெள்ளிக்கிழமை, அப்பா கூப்பிடும் நாள். போன் அடித்ததும் நான்தான் பாய்ந்து எடுத்தேன்.

“அப்பா, ஸ்பீக்கர் வாங்கியாச்சு! இனி நீங்க கொண்டு வரண்டாம்!”

 “செரி மக்கா, போன அம்மாட்ட குடு” என்றார். அவ்வளவு தூரம் தூக்கிச் சுமக்க வேண்டிய பாரத்தைக் குறைத்துவிட்டேனே, ஒரு சபாஷ்கூடச் சொல்லவில்லையே என்று எனக்கு வருத்தம்.

மறுநாள் பார்த்தால் ஸ்பீக்கர் இரண்டும் கட்டிலுக்கு அடியில், சாக்கு மூடிக் கிடந்தன. ஆம்ப்ளிஃபயர் பழையபடி உறைக்குள் போயிருந்தது. நான் கத்தினேன். “ரெண்டும் எட்டு ஓம்தாம்மா! நல்லா சேருதுன்னு கடைக்காரரே சொன்னாரு!”

அம்மா உறையின் சுருக்கத்தை நீவினாள்.

“அதுக்க ஜோடி வரட்டு.”