இன்னும் 31,600 கிலோமீட்டர் இருக்கிறது

மகள் தர்ஷினிக்கு வடக்கே கெடாவில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. சனிக்கிழமை காலை பதிவு. மலாக்காவில் குருபோங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டர், இரண்டு முறை நின்று போனால் எட்டு மணி நேரம். வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் காரில் கிளம்புவதாகத் திட்டம். ஆனால் இந்தக் கட்டுரை கெடாவைப் பற்றியதல்ல. அதற்கு இரண்டு நாள் முன்பு செலண்டாருக்குப் போன 23 கிலோமீட்டரைப் பற்றியது. பழைய காரை வைத்துக்கொண்டு நீண்ட பயணம் போக நினைப்பவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

காருக்கு இருபத்திரண்டு வயது. ஐந்து வருடத்துக்கு முன் செலண்டாரில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரிடம் வாங்கினேன். என் கவலை அதன் டைமிங் பெல்ட். என்ஜினுக்குள் சத்தமில்லாமல் சுற்றும் ரப்பர் பெல்ட் அது. தேய்ந்தால் கத்தாது, விளக்குப் போட்டும் காட்டாது. அறுந்தால் என்ஜின் அந்த நொடியே போய்விடும். இந்தக் காருக்குத் தொண்ணூறாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டிக்கர்: அடுத்த பெல்ட் 210,000. மீட்டர் காட்டியது 178,400. ஆக, இன்னும் 31,600 இருக்கிறது. இதை ஒரு மாதமாக வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லிவிட்டு ஓரிரவு கூட ஒழுங்காகத் தூங்கவில்லை.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், நான் சுங்கை ஊடாங்கில் ஒரு கான்ட்ராக்டரிடம் பராமரிப்பு மேற்பார்வையாளர். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பம்பை, சர்வீஸ் தேதி வந்துவிட்டது என்று நிறுத்தச் சொல்லி அடுத்தவர்களோடு சண்டை போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். சொந்தக் கார் என்று வந்ததும் புத்தி எங்கே போனதோ!

புதன்கிழமை ஆயுத பூசை. லீவு எடுத்திருந்தேன். காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள் மனைவி. காலை 8.10க்குப் பழங்களை நசுக்கிக்கொண்டு நானும் மகளும் கிளம்பினோம். தர்ஷினி வழக்கம்போல் பின் சீட்டில், காதில் இயர்ஃபோன். ஆசிரியரின் காலத்தில் இந்தக் காரைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் சேகர் இன்னும் செலண்டாரில் இருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்பதுதான் திட்டம்.

டுரியான் துங்கலுக்குப் போகும் வழியில் ரேடியோவை அணைத்தேன். பிறகு ஏசியை அணைத்தேன். சிக்னலில் நின்றபோது கண்ணாடியை இறக்கி என்ஜினைக் கேட்டேன். பெல்ட் சத்தம் போடாது என்று மேலே எழுதியிருக்கிறேன், அப்போதும் எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டேன்.

"அப்பா, வேர்க்குது. என்னாப்பா கேக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

8.40க்கு ஒரு மாமாக் கடையில் நின்றோம். மூன்று தோசை, நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக், பாலில்லாத ஒரு தே ஓ ஐஸ், மொத்தம் பத்து ரிங்கிட் இருபது காசு. சட்னி நன்றாக இருந்தது. நான்தான் ருசித்துச் சாப்பிடவில்லை.

"பஸ்லயே போலாம்பா," என்றாள் தர்ஷினி. "எனக்கு ரெண்டு பேக்தானே."

"ரைஸ் குக்கர்? ஃபேன்? மெத்தை?"

"அங்கயே வாங்கிக்கலாம்லா."

நான் தே தாரிக்கைக் குடித்தேன். இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பயம் என்ஜினைப் பற்றி மட்டும் அல்ல. வொர்க்‌ஷாப்பில் பெல்ட்டைக் கழற்றினால் வேறு ஏதாவது கண்ணில் படும், சாமான் வரவில்லை என்பார்கள், கார் உள்ளே உட்கார்ந்துவிடும். இவள் பஸ் ஏறிவிடுவாள். பள்ளிக்கூடம், டியூஷன், கோயில் என்று பத்தொன்பது வருடம் இவளை ஏற்றிக்கொண்டு அலைந்திருக்கிறேன். அந்தக் கடைசி எட்டு மணி நேரம் எனக்கு வேண்டும். அதனால்தான் பெல்ட்டை மாற்றவும் மனம் வரவில்லை, மாற்றாமல் போகவும் துணிச்சல் இல்லை.

செலண்டாரை நெருங்கும்போது செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு தோட்டக் கோயில். வாசலில் லாரிகளும் டிராக்டர்களும் வரிசையாக, பம்பரில் வாழைக்கன்று கட்டி, ஒவ்வொன்றும் மாப்பிள்ளை மாதிரி நின்றன. தர்ஷினி போன் எடுத்துப் படம் பிடித்தாள். நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

9.25க்கு வொர்க்‌ஷாப். ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே வாழையிலையில் ஸ்பேனர்கள் அளவு வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. ஜாக், கம்ப்ரெஸர், வெல்டிங் செட் எல்லாவற்றுக்கும் பொட்டு. பொரியும் கடலையும் பக்கத்தில். சேகர் வேட்டியில் இருந்தார். கிரீஸ் இல்லாத அவர் கைகளை அன்றுதான் பார்த்தேன்.

விஷயத்தைச் சொல்லி, பெல்ட்டின் மேல்மூடியைக் கழற்றி ஒரு பார்வை பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

"சாமிக்கிட்ட வெச்சாச்சி அண்ணே. நாளைக்கு காலைல பூச பண்ணிட்டுத்தான் எடுப்பேன்."

"நாலு போல்ட்தான் சேகர். டென் எம்எம். என் காரு பூட்லயே ஸ்பேனர் இருக்கு."

"அதுக்கும் அம்மா காலைல பொட்டு வெச்சாங்க," என்றாள் பின்னாலிருந்து தர்ஷினி. சேகர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "அப்பா, இன்னிக்கு யாரும் ஸ்பேனர தொடமாட்டாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தெரியாமல் இருக்குமா? எந்த மெக்கானிக்கும் காரைத் திறக்க முடியாத ஒரு நாளாகப் பார்த்துத்தான் கொண்டுவந்திருக்கிறேன். 'ஒண்ணும் இல்ல அண்ணே, போய்ட்டு வாங்க' என்று ஒருவர் வாயால் சொல்ல வேண்டும், ஆனால் யாரும் உள்ளே பார்க்கக்கூடாது. எனக்கே தெரியாமல் போட்ட திட்டம் மகளுக்குத் தெரிந்திருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சேகருக்கு ஸ்பேனர் தேவைப்படவும் இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தார். டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து, விபூதிப் பொட்டலங்களுக்கும் பழைய பார்க்கிங் சீட்டுகளுக்கும் அடியிலிருந்து ஒரு நீல நோட்டை உருவினார்.

"இத படிச்சீங்களா அண்ணே?"

"சர்வீஸ் புக்குதானே."

"படிச்சீங்களா?"

ஐந்து வருடமாக அதைத் திறந்ததில்லை. ஸ்டிக்கரில் இருந்த எண் எனக்குப் பிடித்திருந்தது, அதோடு நின்றுவிட்டேன். சேகர் தன் கையெழுத்தைக் காட்டினார். 120,000இல் பெல்ட் மாற்றியது. அடுத்த பக்கத்தில்: மீட்டர் செத்துவிட்டது, ஹாஃப் கட் மீட்டர் போட்டாகிவிட்டது, பழையது 165,000, புதியது 98,000.

ஹாஃப் கட் என்றால், வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய காரிலிருந்து கழற்றிய சாமான். ஐந்து வருடமாக என் காரில் ஓடிக்கொண்டிருந்தது வேறு ஒரு காரின் மீட்டர். ஸ்டிக்கர் மட்டும் பழைய மீட்டரின் கணக்கு. வித்தியாசம் அறுபத்தேழாயிரம். அதைக் கூட்டினால் என் கார் ஓடியது 245,400. பெல்ட் முப்பத்தையாயிரம் கிலோமீட்டருக்கு முன்பே மாறியிருக்க வேண்டும்.

"அப்ப இவ்ளோ நாள் ஓடிருச்சே," என்றேன். "இன்னும் ஒரு ஆயிரத்து இருநூறுதானே, போய்ட்டு வர?"

"ஓடும் அண்ணே. ஓடாமயும் போவும். ஹைவேல மூணாவது லேன்ல இருக்கும்போது அறுந்துச்சின்னா, பின்னால லாரி வந்துச்சின்னா…" அவர் பின் சீட்டைப் பார்த்தார். தர்ஷினியின் இயர்ஃபோன் மடியில் கிடந்தது. "நான் போங்கன்னு சொல்லமாட்டேன்."

சாவியைக் கொடுத்தேன். போனில் இ-ஹெய்லிங் கார் கிடைக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது, குருபோங்குக்கு முப்பத்திரண்டு ரிங்கிட். வழியில் அந்தக் கோயில் வாசலில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை 11.15க்குச் சேகர் படம் அனுப்பினார். பெல்ட் முழுக்கக் குறுக்கே வெடிப்பு, ஓர் இடத்தில் இரண்டு பல்லைக் காணோம். வாட்டர் பம்பும் கசிகிறதாம். சாமான் சனிக்கிழமைதான் வரும். நான் பயந்தது அப்படியே நடந்தது.

தர்ஷினியிடம் சொன்னேன். "சரிப்பா," என்று போனை நீட்டினாள். வெள்ளிக்கிழமை காலை 9.00, மலாக்கா சென்ட்ரலிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஊரான சங்லூனுக்கு இரண்டு இருக்கை, ஆளுக்கு எழுபத்திரண்டு ரிங்கிட். இரண்டு. நான் உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

பஸ் 6.40க்குப் போய்ச் சேர்ந்தது, ஒன்பது மணி நாற்பது நிமிடம். காரில் எனக்குக் கண்ணாடியில் அவள் நெற்றி மட்டும்தான் தெரியும். இங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரவாங் வரை தூங்கினாள். தாப்பா தாண்டியதும், "எனக்கு அந்தக் கோர்ஸ் புடிக்குமான்னு தெரியலப்பா," என்று ஆரம்பித்தாள். ஈப்போ தாண்டியும் பேசிக்கொண்டிருந்தாள். நான் வண்டி ஓட்டவில்லை என்பதால் கேட்டுக்கொண்டிருந்தேன். தங்கிய ஹோம்ஸ்டே ஓர் இரவுக்குத் தொண்ணூறு ரிங்கிட். ரைஸ் குக்கர் சங்லூனிலேயே அறுபத்தைந்துக்குக் கிடைத்தது. சனிக்கிழமை பத்து மணிக்குள் பதிவு முடிந்தது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு: ஸ்டிக்கரை நம்பாதீர்கள், நோட்டைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். தொண்ணூறாயிரத்துக்கு ஒருமுறை மாற்றும் பெல்ட்டுக்கு, நான் கார் வாங்கிய அன்று ஸ்டிக்கரும் மீட்டரும் 99,600 மிச்சம் இருப்பதாகக் காட்டின. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நோட்டு இல்லாத கார் என்றால் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது டென்ஷனர், ஆயில் சீல், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். எனக்குக் கூலியோடு எழுநூற்று இருபது. நீண்ட பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே கொடுங்கள், மூன்று நாள் போதாது. ஆயுத பூசை அன்று மட்டும் போகாதீர்கள்.

இதைத் திரும்பி வரும் பஸ்ஸில் எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமை. ஏறும்போது டிக்கெட்டைக் காட்ட, தர்ஷினி அனுப்பியிருந்த ரசீதைத் திறந்தேன். வியாழக்கிழமை வாங்கியது என்றுதான் நினைத்திருந்தேன். ரசீதில் இருந்த தேதி அதற்கு முந்தைய ஞாயிறு. அன்று நான் வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்துவைத்து, இன்னும் 31,600 இருக்கிறது என்று மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். போவதற்கு இரண்டு டிக்கெட், திரும்புவதற்கு ஒன்று.